கடப்பாரையை எடுக்கும் முன்

ஊர் வீட்டுக்குத் தரை மாற்றுவது என்றாலே பலருக்கும் மனதில் வருவது பளபளக்கும் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ்தான். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் "இன்னும் இந்தக் காவித் தரைதானா?" என்று கேட்டுவிட்டால் போதும், மறுவாரமே கொத்தனாருக்குப் போன் போய்விடும். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. கூடத்துச் சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு வழவழ டைல்ஸ் போட்டோம். முதல் நாளே அப்பத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா, கண்ணாடி மேல நடக்கச் சொல்றியா?" என்றார். அடுத்த ஐப்பசி மழையில் சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரத் தொடங்கியது. அந்தச் செலவில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

முதலில் ஈரம் பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் கடைக்காலுக்கு மேல் ஈரம் தடுக்கும் பூச்சு கிடையாது. மண்ணின் ஈரம் பழைய தளத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் புகாத விட்ரிஃபைடு டைல்ஸால் அதை மூடினால், போக்கிடம் இல்லாத ஈரம் சுவரில் ஏறும். எங்கள் கூடத்தில் நடந்தது அதுதான். சோதிக்கக் காசு வேண்டாம். கெட்டியான பாலித்தீன் தாளை இரண்டடிச் சதுரமாக வெட்டித் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ டைல்ஸ் பேச்சை ஒத்திவையுங்கள். தாழ்வாரத் தண்ணீர் எங்கே விழுகிறது, அடிபம்புத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வெளிச்சுவரை அணைத்து மண் மேடாகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. சித்திரை வெயிலில் இந்தச் சோதனை பொய் சொல்லும். மழை ஓய்ந்த கையோடு செய்யுங்கள்.

அடுத்து, தரை முழுக்கக் கம்பியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கிற இடத்தில் அடிமண் இறங்கியிருக்கும், அல்லது எலி வளை இருக்கும். அங்கே மட்டும் உடைத்து, கிராவல் மண்ணை ஓரடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, மறு அடுக்கு போட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் ஒரே வருடத்தில் பள்ளம் விழும். கரையான் மருந்து அடிக்க வேண்டிய நேரமும் இதுதான். கரிசல் காட்டு வீடென்றால் தோண்டிய கரிசலையே திரும்ப நிரப்ப வேண்டாம். அது மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, மேலே எதைப் போட்டாலும் பிளந்துவிடும்.

காவித் தரை நன்றாக இருந்தால் அதையே மீட்டெடுங்கள். எங்கள் வீட்டில் நான் இன்றும் வருந்துவது இதைச் செய்யாமல் விட்டதற்குத்தான். சோப்புத்தூள் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, துணியில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டு மெலிதாகத் துடையுங்கள். எண்ணெய் தேங்கினால் தூசி அப்பும், காலும் வழுக்கும். மயிரிழை விரிசலைக் காவி கலந்த சிமெண்டால் அடைக்கலாம், ஆனால் நிறம் அப்படியே ஒத்துப்போகாது. தழும்பு தெரியத்தான் செய்யும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

உயரத்தைக் கணக்கிடுங்கள். பழைய தளத்தின் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் தரை ஒன்றரை, இரண்டு அங்குலம் ஏறும். கதவின் அடியை அறுக்க வேண்டிவரும், வாசற்படி தாழும். மாடிப்படியின் முதல் படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகிவிடும். அதில் தடுமாறாதவர்கள் குறைவு.

பெட்டிக் கணக்கு: 12க்கு 15 அடிக் கூடம் 180 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 198. இரண்டுக்கு இரண்டில் பெட்டிக்கு நாலு டைல்ஸ் என்றால் 13 பெட்டி. கூட ஒரு பெட்டி வாங்கிப் பரணில் போடுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள்.

செய்யக்கூடாதவை

கொல்லையிலிருந்து ஈரக்காலோடு வருகிற வழியில் வழவழ டைல்ஸ் போடாதீர்கள். திண்ணை, பின்கட்டு, குளியலறை மூன்றுக்கும் சொரசொரப்பான மேட் ரகம்தான். குளியலறையில் தண்ணீர் தேங்காமல் ஓடுகிற வாட்டமும் வேண்டும்.

வீடு முழுக்க ஒரே தரை என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். உலக்கை விழுகிற, அம்மி நகர்த்துகிற, நெல் மூட்டை இழுபடுகிற இடம் ஊர் வீட்டில் ஒன்று இருந்தே தீரும். அங்கே கடப்பா கல்லோ வெறும் சிமெண்டுத் தளமோ போதும்.

ஐந்து இடத்தில் கலவையை உருண்டையாக வைத்து டைல்ஸை அமுக்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். உருண்டைகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். ஒரு தேங்காய் விழுந்தாலே விரியும். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. அதனால் சிமெண்டுப் பால் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. டைல்ஸ் பசையைப் பல்லுக்கரண்டியால் முழுக்க இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் இல்லாமல் நெருக்கி ஒட்டவும் விடாதீர்கள். "இடைவெளி விட்டா அழுக்குச் சேரும் சார்" என்பார் மேஸ்திரி. விடாவிட்டால் கோடையில் டைல்ஸ் முட்டிக்கொண்டு கூரைபோல் எழும்பும்.

ஆசிட் ஊற்றாதீர்கள். காவித் தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் அது விஷம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடியின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றி வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தியது. ஆசிட் பட்டால் நிறமே அரித்துப் போகும். காவித் தரையில் மொசைக் பாலீஷ் மெஷினையும் ஏற்றவேண்டாம். நிறம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். தை பிறக்கும் முன் முடித்துக் கொடு என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். சிமெண்டுத் தளம் ஏழு நாளாவது தண்ணீர் கட்டி நிற்க வேண்டும். முழுக்கூலியையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறாதீர்கள். ஒட்டிய டைல்ஸைத் தட்டிப் பார்த்த பிறகு கடைசித் தவணை.

இந்த வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் டைல்ஸ் கடைக்குப் போக வேண்டாம். பாலித்தீன் தாளும் டேப்பும் கொண்டு போங்கள்.