பகிர்தலும் பாதுகாத்தலும்

நுழையும்முன்

நமக்குப் பிடித்த காணொளியை நண்பருக்கும் உறவினருக்கும் அனுப்பி மகிழ்கிறோம். பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அது காணக் கிடைக்குமா? இணையத்தின் தொடக்கக் காலத்தை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

படித்து அறிவோம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே வீடுகளுக்கு இணையம் வந்தது. இணையம் இயங்கும்போது அத்தொலைபேசியில் பேச இயலாது. ஒரு படம் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகத் திரையில் விரியும். சிறிய காணொளிக்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

யூடியூப் தளத்தின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அதன் நீளம் 19 நொடிகளே. தளத்தை நிறுவிய மூவருள் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின்முன் நின்று, அவற்றின் துதிக்கையைப் பற்றிச் சில சொற்கள் பேசுகிறார். இசையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. எளிய அக்காணொளியை இன்றும் காணலாம்.

ஆயினும், அக்காலத்தின் எல்லாப் படைப்புகளும் நிலைக்கவில்லை. எண்ணற்றோர் தம் வலைப்பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் அமெரிக்காவில் 2009இல் மூடப்பட்டது. இந்திய இளைஞர் பலர் நட்புப் பாராட்டிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியில் நின்றது. அதனால் இயங்கிய அசைபடங்களும் விளையாட்டுகளும் உலாவிகளில் இயங்காமற்போயின. நாம் பகிரும் இணைப்பு, காணொளி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. வீடு இடிந்தபின் முகவரியால் பயன் என்ன?

இவ்வினா தமிழருக்குப் புதிதன்று. பனையோலை நாளடைவில் செல்லரிக்கும். ஆதலால் முன்னோர் பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். அவ்வாறு எஞ்சிய சுவடிகளைத் தேடி ஒப்பிட்டே, உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அத்தகைய பணியை, 1996இல் தொடங்கப்பெற்ற 'இணைய ஆவணகம்' என்னும் அமெரிக்க அமைப்பு இன்று செய்கிறது. அது பழைய வலைப்பக்கங்களைப் படியெடுத்துக் காக்கிறது. பிளாஷ் அசைபடங்கள் பலவும் அங்கே மீண்டும் இயங்குகின்றன.

ஆனால், ஊரிலிருந்து பாட்டி அனுப்பிய காணொளியைத் தேடி எந்த ஆவணகமும் வாராது. கொழுக்கட்டை பிடிக்கும் அவர் கையும், அவர் பேசும் வட்டார வழக்கும் ஒரு கைப்பேசிக்குள் மட்டுமே இருக்கின்றன. அது பழுதானால் அவையும் மறையும். எனவே, வேறொரு கருவியில் ஒரு படி எடுத்து வைப்போம். பேசுபவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும் எழுதி வைப்போம். பகிர்வது அன்பு; பாதுகாப்பது கடமை.

சொற்பொருள்

செல்லரித்தல் – கரையானால் அரிக்கப்படுதல்
சுவடி – எழுதப்பட்ட ஏடுகளின் தொகுப்பு
படியெடுத்தல் – உள்ளதை உள்ளவாறே மற்றொன்றில் பதிதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. பெயர்த்தெழுதி = ______ + ______
2. பனையோலை = ______ + ______

ஆ. விடை எழுதுக.
1. யூடியூப் தளத்தின் முதல் காணொளியில் இடம்பெற்ற விலங்கு எது?
2. இணைப்பைப் பகிர்வதற்கும் படியெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஏடு பெயர்த்தெழுதியோரும் இணைய ஆவணகத்தாரும் எவ்வகையில் ஒத்தவர்?

இ. செயல்பாடு
உங்கள் குடும்பக் காணொளி ஒன்றைப் பெற்றோருடன் சேர்ந்து காண்க. அதில் பாட்டியோ தாத்தாவோ வழங்கும் ஊர்ச்சொற்கள் ஐந்தனைப் பொருளுடன் எழுதுக.