வைரத்தில் ஒட்டும் நீரும் சுவிட்சைத் தொடும் ஈரக் கையும்

 

கண்ணுக்குத் தெரியாத ஈரம் என்ன செய்யும் என்பதே இம்மாத அறிவியல் பாடம். நம் பிள்ளைகள் பிளஸ் டூ வேதியியலில் 'பரப்பு கவர்தல்' என்று படிப்பது இதைத்தான். துணி தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல்; நீர் உள்ளே போய்விடுகிறது. பரப்பு கவர்தலில் நீர் பொருளின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தைப் பிடிப்பது இப்படித்தான்.

வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு இறுகப் பிணைந்திருப்பதால், ஓடித் திரியும் எலக்ட்ரான்கள் அதில் இல்லை. ஆனால் நானோ வைரத் தூள் சற்று வேறு விதம். 1963-ல் சோவியத் நாட்டில், மூடிய கலத்துக்குள் வெடிமருந்தை வெடித்தபோது கரியோடு கலந்து இது கிடைத்தது. ஒரு துகளின் அளவு 4 அல்லது 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இவ்வளவு சிறியதாக இருப்பதால், ஒரு கிராம் தூளின் மொத்தப் பரப்பு சுமார் 300 சதுர மீட்டர் வரும்.

அந்தப் பரப்பில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகள், காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடிக்கின்றன. மூலக்கூறுகள் சேரச் சேர மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. தீயணைக்க வரிசையாக நிற்பவர்கள் வாளியைக் கைமாற்றுவது போல, ஒரு நீர் மூலக்கூறு அடுத்ததற்குப் புரோட்டானைக் கைமாற்றுகிறது. அதுவே மின்னோட்டம். தூளைச் சூடாக்கி நீரை விரட்டினால் மின்தடை பன்மடங்கு ஏறுகிறது. மீண்டும் ஈரக் காற்றில் வைத்தால் தடை இறங்குகிறது. வைரம் மாறவில்லை, அதன்மேல் ஒட்டியதுதான் மாறியது. எனவே வைரத்தின் குணத்தை அறிய வேண்டுமானால், முதலில் தூளை நன்றாக உலர்த்தியாக வேண்டும். இல்லையேல் அளப்பது வைரத்தை அல்ல, நீரை.

இந்தப் பாடம் நம் வீட்டுக்கும் உரியது. சுவிட்சு, பிளக் ஆகியவற்றின் பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தாத பொருள்தான். ஆனால் மழைக்காலத்தில் அதன்மேல் படியும் தூசும் உப்பும் ஈரமும் சேர்ந்தால், மின்கசிவுக்கு வழி திறக்கிறது. நம் உடலும் அப்படியே. உலர்ந்த தோலின் மின்தடை அதிகம். ஈரத்தோலில் அது வெகுவாகக் குறைந்துவிடும். 230 வோல்ட் மின்சாரத்துக்கு அது போதும், உயிரைப் பறிக்க.

ஆகவே ஒளூச் செய்த கையோடு மின்விசிறி சுவிட்சைத் தொடாதீர்கள், துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஈரம் கசியும் சுவரில் உள்ள சுவிட்சுப் பெட்டியை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு எர்த் இணைப்பு சரியாக உள்ளதா எனப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வீட்டில் பொருத்துங்கள். பள்ளிவாசல் ஒளூ செய்யுமிடத்திலும் இவற்றைக் கவனிக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காப்பதற்கு உதவும் கல்வியும் பயனுள்ள கல்வியே. இதைப் பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, வீட்டார் அனைவரும் கேளுங்கள். வஸ்ஸலாம்.