கடுகளவு மூளை

கண் காண்கின்றது என்று உலகத்தார் கூறுவர். உண்மையில், கண் ஒளியை ஏற்கும் வாயிலே ஆகும். காட்சியை உணர்வது மூளை. கண்ணிற் புகுந்த ஒளி, நரம்பின் வழியே செய்தியாகச் சென்று, மூளையின் பின்புறத்தே அமைந்த பார்வைப் புறணியை அடைகின்றது. ஆங்குள்ள நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாறுவதாலேயே மரம் மரமாகவும் மலை மலையாகவும் தோன்றுகின்றன. அவ்வணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்பு கொள்கின்றன? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர் நூறாண்டுகளுக்கு மேலாக முயன்று வந்தனர்.

1873-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கமில்லோ கால்ஜி என்பார், வெள்ளி உப்பினால் நரம்பணுக்களைக் கருநிறமாக்கிக் காணும் முறையைக் கண்டறிந்தார். அதனைத் திருத்திக் கையாண்டவர் ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால். நரம்பணுக்கள் யாவும் பின்னிப் பிணைந்த ஒரே வலை என்றார் கால்ஜி. ஒவ்வோர் அணுவும் தனித்து நிற்பது. ஒன்று மற்றொன்றை நெருங்கிச் செய்தியை அளிக்கின்றது என்றார் கஹால். 1906-ஆம் ஆண்டில் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும், இருவரும் தத்தம் கொள்கையை விட்டுக் கொடுத்தாரிலர். பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கி, அணுக்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டிக் கஹாலின் கூற்றே பெரிதும் பொருந்துவதென நிறுவியது.

எனினும், இணைப்புகள் அனைத்தையும் வரைந்து காட்டுதல் எளிதன்று. ஒரு கன மில்லிமீட்டர் மூளையின் இணைப்பு முழுவதையும், அதிலுள்ள அணுக்களின் இயக்கத்தையும் அறிய விரும்புவது, இயலாததை விரும்புவதாகும் என 1979-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கிரிக் எழுதினார். அவர் உயிரின் மரபுப் பொருளது வடிவத்தைக் கண்டறிந்த பேரறிஞருள் ஒருவர்.

அமெரிக்க நாட்டு அறிஞர் பலர் அதனையே செய்யத் துணிந்தனர். ஹூஸ்டன் நகரத்துப் பேய்லர் மருத்துவக் கல்லூரியில், ஒரு சுண்டெலிக்குப் படக்காட்சிகள் காட்டப்பட்டன. அப்போது பார்வைப் புறணியில் ஏறத்தாழ 75,000 நரம்பணுக்கள் இயங்கிய வகை பதிவு செய்யப்பட்டது. பின்னர்ச் சியாட்டில் நகரத்து ஆலன் நிறுவனத்தார், அப்புறணியில் கடுகளவான அப்பகுதியை 25,000-க்கு மேற்பட்ட மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாற் படமெடுத்தனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார், கணினியின் துணையால் அப்படங்களை இணைத்து மீண்டும் உருவாக்கினர். கணினி செய்த பிழைகளை மனிதர் பொறுமையோடு திருத்தினர்.

2025-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. சுண்டெலி மூளையில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கான அச்சிறு பகுதியில் 2,00,000-க்கு மேற்பட்ட அணுக்களும், நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள நரம்பிழைகளும், 52 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் இருந்தன.

அவ்விணைப்புகளில் ஓர் ஒழுங்கும் புலப்பட்டது. ஒரு நரம்பணுவின் இழை, தான் செல்லும் வழியில் எதிர்ப்படும் எல்லா அணுக்களோடும் ஒரே அளவில் சேர்வதில்லை. தன்னைப்போன்றே ஒரு காட்சிக்கு எழுச்சி கொள்ளும் அணுவோடு மிகுதியாகச் சேர்கின்றது. புறணியின் ஒரு பகுதியிலுள்ள அணு, வேறு பகுதியிலுள்ள அணுவோடு சேரும்போதும் இவ்வொழுங்கே காணப்பட்டது. கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் இணைத்தது அண்மையன்று, ஒத்த உணர்ச்சியே. நரம்பணுக்களின் நட்பும் அத்தகையதே போலும்! பிற அணுக்களின் எழுச்சியை அடக்கும் அணுக்களும் எதிர்ப்பட்டவற்றையெல்லாம் அடக்குவதில்லை. இன்ன வகை அணுவை அடக்க வேண்டுமெனத் தேர்ந்தே அடக்குகின்றன.

நலமுற்ற மூளையின் அமைப்பை அறிந்தாலன்றி, நோயுற்ற மூளையில் எவ்விணைப்புப் பிறழ்ந்தது என அறிதல் அரிது. ஆதலின், இவ்வாராய்ச்சி நாளைய மருத்துவத்திற்கு அடிப்படையாகக் கூடும்.

கிரிக் 2004-ஆம் ஆண்டில் மறைந்தார். தாம் இயலாதது என்றதில் பெரும்பகுதி இயன்றதைக் காண அவர் இல்லை. அவர் கூற்று அவர் காலத்திற்குப் பொருந்தியதே. அறிவும் முயற்சியும் கூடி வளருமாயின், ஒரு தலைமுறைக்கு அரிதாயிருந்தது மறு தலைமுறைக்குக் கைகூடும். இதனை உலகிற்கு உணர்த்தியது ஒரு சுண்டெலியின் கடுகளவு மூளையாகும்.