சம்பளம் பெறாத நீதிபதிகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்ற வழக்குகள் யாவும் முதலில் மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்துக்கே வருகின்றன. மிகப் பெரும்பாலானவை அங்கேயே முடிந்தும் விடுகின்றன. அங்கு அமர்ந்து தீர்ப்பளிப்போருள் மிகப் பலர் சட்டம் பயின்றவரும் அல்லர், சம்பளம் பெறுபவரும் அல்லர். நம்மைப் போன்ற ஊர்மக்களே.

இந்நிலை எளிதில் வந்ததன்று. கூட்டுறவின் தாய்வீடாகிய ராச்டேலை நம் அங்கத்தினர் அறிவர். 1844-இல் அங்குக் கடை திறந்த நெசவாளருள் ஒருவர் தம் கவுண்டியின் மாஜிஸ்திரேட்டாக விரும்பியிருப்பின் அது இயலாது. நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுனாவது வருமானம் வேண்டும் என்பது அந்நாளைய விதி. 1361-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றிய இப்பதவியை நிலக்கிழார்கள் தம் குடும்பச் சொத்தெனவே கருதி வந்தனர். தோட்டத்தில் முயல் பிடித்த ஏழையை விசாரிப்பவரும் தோட்டக்காரரின் உறவினராகவோ நண்பராகவோ இருப்பார்! சொத்துத் தகுதி 1906-இல் நீங்கிற்று. பெண்களுக்கு 1919-இல் வழி திறந்தது.

இன்று 18 வயது முதல் 74 வயது வரை உள்ளோர் விண்ணப்பிக்கலாம். பட்டம் வேண்டியதில்லை. விண்ணப்பிக்குமுன் நீதிமன்றத்தில் பார்வையாளராக அமர்ந்து நடப்பதைக் காணவேண்டும். இது நல்ல ஏற்பாடென்றே நமக்குத் தோன்றுகிறது. பதவியின் பெயரை மட்டும் விரும்புவோர் அங்கேயே திரும்பி விடுவர். பின்னர் உள்ளூர் ஆலோசனைக் குழு நேரில் வினவும். தேர்ந்தவர் பயிற்சி பெற்று, அநுபவம் மிக்க ஒருவரின் துணையுடன் பணி தொடங்குவார்.

பொதுவாக மூவர் சேர்ந்து அமர்வர். சட்டம் அறிந்த ஆலோசகர் ஒருவர் உடனிருப்பார். சட்டத்தை எடுத்துரைப்பது அவர் கடமை. சாட்சியை நம்புவதா, வேண்டாவா என்பது மூவர் பொறுப்பு. இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் நின்றால் பெரும்பான்மையே தீர்ப்பு. மாறுபட்டவர் யாரென வெளியில் சொல்வதில்லை. ஆதலின் அண்டை வீட்டாரின் முகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆண்டுக்கு 13 நாட்களேனும் தரவேண்டும். வேலைக்குச் செல்வோருக்கு முதலாளி நியாயமான அளவு நேரம் விடவேண்டும் என்பது சட்டம். அந்நேரத்துக்குக் கூலி தரவேண்டும் என்பது சட்டமன்று. இழந்த வருமானத்துக்கு அரசு ஒரு வரம்புக்குட்பட்ட படி அளிக்கிறது. நில வருமானம் என்னும் தடை போயிற்று. நாட்கூலி என்னும் தடை முற்றிலும் போய்விடவில்லை.