தேக்காவிலிருந்து ஒரு ஜப்பானிய மளிகைப் பயணம்

தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கியாயிற்றா? பையை அறையில் வைத்துவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறுங்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ச் சமையலைத் தந்த கடைகள் சிங்கப்பூரில் நமக்கு மட்டும் இருக்கவில்லை, ஜப்பானியர்களுக்கும் இருந்தன. அவற்றைத் தேடிப் போக அரை நாள் போதும்.

அடுத்த நிலையமே டோபி காட். மேலே வந்தால் பிளாசா சிங்கப்பூரா. ஜப்பானின் அத்தாமி நகரில் காய்கறிக் கடையாகப் பிறந்த யாவோஹான், 1974இல் இங்கே கடை திறந்தது. இனிப்புப் பயறு வைத்த அதன் ‘அன்பான்’ ரொட்டிக்கு வரிசை நின்ற தலைமுறை இன்றும் அதைப் பேசும். 1997இல் நிறுவனம் நொடித்துப்போனது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

அடுத்து கிளார்க் கீ. ஆற்றோரம் கேனிங்ஹில் பியர்ஸ் எழுந்திருக்கும் இடத்தில்தான் லியாங் கோர்ட் கடைத்தொகுதி இருந்தது. அதிலிருந்த டைமாரு என்ற ஜப்பானியக் கடை மூடிய பின் 2003இல் மெய்டியா பேரங்காடி அங்கே வந்தது. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1885இல் யோகோஹாமா துறைமுகத்தில் இசோனோ ஹகாரு தொடங்கிய கடை இது. கப்பல்களுக்கு மளிகை ஏற்றிவிடுவதும் மேல்நாட்டு உணவுகளை வரவழைப்பதும் தொழில். 1888இல் கிரின் பியரின் விற்பனை உரிமையும் கிடைத்தது. தங்கள் ஊருக்கு வந்த அந்நியருக்குப் பண்டம் தந்த கடை, நூறாண்டு கடந்து, அந்நிய ஊரில் வாழும் தன் மக்களுக்குச் சோயாவும் அரிசியும் தந்தது!

இப்போது மெய்டியாவைப் பார்க்க, அதே பாதையில் ஊட்ரம் பார்க் சென்று தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறி இரண்டாவது நிலையமான கிரேட் வேர்ல்டில் இறங்குங்கள். கடைத்தொகுதியின் அடித்தளத்தில் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் மீன் பகுதியில் நின்று பாருங்கள், அடுக்கியிருக்கும் நேர்த்தியே ஒரு காட்சி. இத்தகைய கடைகளில், மூடும் நேரம் நெருங்கும்போது பென்டோ உணவுப்பெட்டிகளின் விலையைக் குறைப்பது வழக்கம்.

கறிக்கட்டி அடுக்கையும் தவறவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பான் போன நம் மசாலா, அங்கே மாவும் கொழுப்பும் சேர்ந்து சாக்லேட் போலக் கட்டியாகிவிட்டது. பலவற்றில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ உண்டு. அட்டையைப் படிக்காமல் எடுக்காதீர்கள். சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உடனடி மிசோ சூப்பில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். ‘கொம்பு’ என்ற உலர்ந்த கடற்பாசியையும் தனி மிசோவையும் வாங்கினால் அந்தச் சூப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.