கல்லூரி நடுவே ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

எடிசனோ ஃப்ரீமாண்டோ ப்ளேனோவோ, "ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னதும் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு செலவாகும்? படிப்பு தள்ளிப்போகுமா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் விசாவையும். பல்கலைக்கழகத்தின் ஸ்டடி அப்ராட் அலுவலகம் தகவல் கூட்டத்தில் சொல்வது பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை மனதில் வைத்துத்தான். பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு அது பாதிதான் பொருந்தும்.

எச்-4இலிருந்தே தொடங்குவோம். 21 வயது நிறைந்தால் எச்-4 முடிந்துவிடும். வெளிநாட்டுக்குப் போக வசதியான மூன்றாம் ஆண்டில்தான் பல பிள்ளைகளுக்கு அந்தப் பிறந்தநாள் வருகிறது. அங்கே இருக்கும்போது 21 ஆகிவிட்டால் எச்-4இல் திரும்பி வர முடியாது. எஃப்-1 விசா எடுத்துத்தான் வர வேண்டும். "இங்கேயே எஃப்-1க்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறோமே" என்பார்கள். முடிவு வருமுன் நாட்டை விட்டுக் கிளம்பினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். வயது இடிக்கவில்லை என்றாலும் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் ஸ்டாம்பிங் வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து விதிகள் இறுகிவிட்டன. குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் விலக்கும் பெரும்பாலோருக்கு இல்லை. அதனால் செமஸ்டர் முடிந்து சென்னைக்குப் போய் நேர்காணல் முடித்துத் திரும்ப எத்தனை வாரம் ஆகும் என்று கணக்கிட்டு, அடுத்த செமஸ்டர் தொடங்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடிக்கிறதென்றால் கோடைக்காலத் திட்டமே மேல்.

எஃப்-1 மாணவர்களுக்குச் சிக்கல் குறைவு. சொந்தக் கல்லூரி அங்கீகரித்த திட்டத்தில் முழுநேரம் படிக்கும்வரை செவிஸ் எனும் அரசின் மாணவர் பதிவேட்டில் பதிவு உயிரோடு இருக்கும். ஐ-20இல் பயணக் கையெழுத்து வாங்காமல் மட்டும் கிளம்பக் கூடாது. எஃப்-1 மாணவர்களுக்கான வேலை அனுமதியான ஓ.பி.டி.க்குத் தேவையான ஓராண்டுப் படிப்பில் வெளிநாட்டுச் செமஸ்டரையும் சேர்க்க வேண்டுமானால், அதற்குமுன் ஒரு முழு செமஸ்டராவது அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு வீடுகளில் வெளியே இருக்கும் காலத்தைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கில் கேள்வி வரும். ஓராண்டைத் தாண்டுவதானால் ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும். அதற்கு இங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். குடியுரிமைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு செமஸ்டரே போதும் என்பது என் கருத்து.

இனி பணம். எக்ஸ்சேஞ்ச் என்றால் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம்: இங்கிருந்து ஒருவர் போவார், அங்கிருந்து ஒருவர் வருவார், கட்டணத்தை அவரவர் சொந்தக் கல்லூரிக்குக் கட்டுவார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் கட்டும் பிள்ளைக்கு இதுதான் லாபம். சி.ஐ.இ.இ. போன்ற அமைப்புகள் நடத்தும் திட்டங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தங்குமிடம் முதல் பல விஷயங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் உள்மாநிலக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் கூடுதல். வெளிமாநிலக் கட்டணம் கட்டுபவர் மட்டும் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எக்ஸ்சேஞ்சில் அந்தப் பெரிய தொகையே தொடரும் என்பதால். பேராசிரியரோடு இரண்டு வாரம் போய்வரும் பயணம் நல்ல அனுபவம். வேலைச் சந்தையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். அதன் வெளிநாட்டுக் கல்வித் திட்டமான யு.சி.இ.ஏ.பி. 1962 முதல் நடக்கிறது. அதில் படிக்கும் பாடங்கள் யு.சி. பாடங்களாகவே டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், நிதியுதவியும் கூடவே வரும். மதிப்பெண் ஜி.பி.ஏ.யிலும் சேரும் என்பதால் விளையாட்டாக இருக்க முடியாது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் செமஸ்டருக்கு 1 முதல் 4 டாலர் வரை சர்வதேசக் கல்விக் கட்டணம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பணம் வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களுக்கு உதவித்தொகையாகப் போகிறது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அது இருக்கிறதா, உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பெல் கிராண்ட் வாங்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு கில்மன் உதவித்தொகை இருக்கிறது.

வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? காலண்டரில்தான் தொடர்பு. கோடை இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் ஆளெடுப்பது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். மூன்றாம் ஆண்டு ஃபாலில் வெளிநாட்டில் இருந்தால் கரியர் ஃபேர் கைநழுவும். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைக்கு ஸ்ப்ரிங் செமஸ்டரே நல்லது. அதிலும் நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியில் கோடைச் செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை போகும். ஜூன் இன்டர்ன்ஷிப்போடு மோதும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் செமஸ்டர் ஜனவரியில் தொடங்கி மே தொடக்கத்தில் முடிந்துவிடும். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் என்பதால் அம்மாக்களுக்கும் நிம்மதி.

கிரெடிட் விஷயத்தில் ஒரு காரியத்தைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். எடுக்கப் போகும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப்.ஆக இறக்கி, துறை ஆலோசகரிடம் அது எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. கூடவே மாற்றாக இரண்டு பாடங்களைச் சேர்த்து அனுமதி வாங்கிவிடலாம், அங்கே போனபின் வகுப்பு நிரம்பிவிடுவது சகஜம். வீட்டுப்பாடங்கள், தேர்வுத்தாள்களையும் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், "இது நம் ஆல்காரிதம்ஸ் பாடம்தானா?" என்று துறை கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

இந்தியா பக்கமும் பாருங்கள். அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் மதுரையில் தமிழ் வகுப்புகள் நடத்திவருகிறது. ஓ.சி.ஐ. அட்டை உள்ள பிள்ளைக்கு இந்தியாவில் படிக்க விசாவே வேண்டாம்.

அடுத்த ஸ்ப்ரிங்கில் போக வேண்டுமானால், விண்ணப்பக் கெடு பல கல்லூரிகளில் அதற்கு முந்தைய ஃபால் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். இந்த வாரமே ஸ்டடி அப்ராட் அலுவலகத்திலும் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் சந்திப்புக்கு நேரம் வாங்கச் சொல்லுங்கள். எச்-4 வீடு என்றால், ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டுப் பிறகு டிக்கெட் போடுங்கள்.