சிறுநீரக நோயாளரும் இரைப்பை நுண்ணுயிரும்

சிறுநீரகம் பழுதுற்றவருக்குப் பசி குன்றுதல், குமட்டல், சோகை ஆகியவை தோன்றுவது இயல்பு. இரைப்பைப் புண் உடையவரிடமும் இக்குறிகளே காணப்படலாம். ஆகவே ஒரு நோயின் மறைவில் மற்றொன்று நெடுநாள் அறியப்படாமல் இருந்துவிடக்கூடும்.

கடும் அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமிகள் நிலைத்து வாழமாட்டா என்றே அறிஞர் பலர் முன்னர்க் கருதினர். 1982-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் சுருள் வடிவ நுண்ணுயிரை இரைப்பைத் திசுவினின்று பிரித்து வளர்த்தனர். 2005-இல் இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இந்நுண்ணுயிர் யூரியேஸ் என்னும் நொதியைப் பெருமளவில் உண்டாக்குகிறது. அந்நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் சிதைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உடையதாதலின், கிருமியைச் சூழ்ந்த அமிலம் வலிமை இழக்கிறது. இதனைப் பள்ளியில் எளிதிற் செய்து காட்டலாம். யூரியா உரத்தை நீரிற் கரைத்து, வறுக்காத சோயா மொச்சை மாவு சிறிது கலந்து வைத்தால், சற்று நேரத்தில் அக்கரைசல் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும். சோயா மொச்சையிலும் இந்நொதி உண்டு.

சிறுநீரகம் பழுதுற்றால் இரத்தத்திலும் இரைப்பை நீரிலும் யூரியா மிகுகிறது. எனவே அத்தகையோரிடம் இக்கிருமியும் மிகுந்திருக்கும் என எண்ணத் தோன்றும். ஆயின், டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புப் பெறுவோரிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில் தொற்று மற்றையோரினும் குறைவாகவே காணப்பட்டது. பிற நோய்களுக்காக அவர்கள் அடிக்கடி உட்கொள்ளும் கிருமிக்கொல்லி மருந்துகள் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன. ஆகவே தொற்று உண்டா என்பதை ஊகத்தாலன்றி, மூச்சு, மலம் ஆகியவற்றின் சோதனையாலோ உள்நோக்கிக் கருவியாலோ துணிதல் வேண்டும்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லிகளைச் சேர்த்து அளிப்பதே சிகிச்சை. சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப மருந்தையும் அளவையும் மருத்துவரே தெரிவு செய்வார். பிஸ்மத் கலந்த மருந்தில் இரத்தத்தில் சேரும் பகுதி பெரிதும் சிறுநீர் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் அது தேங்கி மூளைக்குக் கேடு செய்யலாம். அலுமினியம், மக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்துகளும் அவர்களுக்கு ஏற்றவை அல்ல. வலி நீக்கும் மாத்திரைகள் பல, இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒருங்கே தீங்கு செய்வன. கடையில் தாமே வாங்கி உண்ணும் வழக்கத்தை விலக்குமாறு களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

இரத்த வாந்தியோ, தார் போன்ற கருநிற மலமோ காணப்பட்டால் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும் என்பது உண்மையே. எனினும் காரணம் எது என முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு என்பதை மறத்தலாகாது.